அசலும் நகலும்: ராக் இசைத்தட்டுகளின் ஆண்டு விழாப் பதிப்புகள்

தமிழில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் அசல், நகல் என்னும் இரண்டும் அரபு மொழியிலிருந்து வந்தவை. 'அஸ்ல்' என்றால் வேர், அடி என்பது பொருள். 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல் என்பது பொருள். பத்திர எழுத்தரிடமும் பள்ளிச் சான்றிதழ்களிலும் இச்சொற்களை ஓயாது புழங்குகின்ற நாம், அவற்றின் பொருளாழத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. நகல் என்பது வெறும் போலி அன்று, சுமந்து வரப்பட்டது. சுமந்து வந்தவர் வழியில் எதையேனும் சிந்தினாரா, வேறெதையேனும் கலந்தாரா, தம் சொந்தச் சரக்கையும் சேர்த்துக் கட்டினாரா என்று கேட்கும் உரிமை, கைநீட்டிப் பெற்றுக்கொள்பவருக்கு உண்டு.

இக்கேள்வியை நூல்களைப் பற்றி நம் முன்னோர் கேட்டனர். இன்று அதே கேள்வியை இசைத்தட்டுகளைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ராக் இசைத்தட்டுகள் இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது என்று ஆண்டு நிறைவுறும் போதெல்லாம் 'டீலக்ஸ்', 'சூப்பர் டீலக்ஸ்' என்னும் பெயர்களோடு கனத்த பெட்டிகளாக மீண்டும் கடைக்கு வருகின்றன. அப்பெட்டியை விரும்பிக் கேட்கும் பிள்ளைகளும் அதன் விலையைக் கண்டு திகைக்கும் பெற்றோரும் நம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். 'ஏற்கெனவே இருக்கும் பாட்டுத்தானே, இதற்கா இவ்வளவு பணம்?' என்று பெரியவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. 'இது முன்பு இருந்த பாட்டே அன்று' என்று இளையவர் விடையிறுப்பதிலும் நியாயம் உண்டு. யார் கூற்று எங்கே பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு தெளிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று படிகள்

ஓர் இசைத்தட்டு உருவாவதில் மூன்று படிகள் உள்ளன. இவற்றை அறியாமல் மறுபதிப்பைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. முதற்படி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதும் வாசிப்பதும். குரல் ஒரு தடத்திலும் கிதார் ஒரு தடத்திலும் டிரம்ஸ் ஒரு தடத்திலுமாக அகன்ற ஒலிநாடா ஒன்றில் இவை பதிவாகும். இரண்டாம் படி, அத்தடங்களை அளவறிந்து கலந்து, மோனோ எனப்படும் ஒற்றை ஒலியாகவோ ஸ்டீரியோ எனப்படும் இரட்டை ஒலியாகவோ ஆக்குவது. இதனைக் கலவை என்கிறோம். மூன்றாம் படி, அக்கலவையைத் தட்டில் வெட்டுவதற்கோ குறுந்தகட்டில் ஏற்றுவதற்கோ ஏற்றவாறு ஒலியின் உரப்பையும் சமனையும் திருத்துவது. இதுவே மாஸ்டரிங் எனப்படுவது.

மூன்றாம் படியை மட்டும் மீண்டும் செய்தால் அது 'ரீமாஸ்டர்'. இரண்டாம் படியையே மீண்டும் செய்தால் அது 'ரீமிக்ஸ்'. முன்னது பழைய ஏட்டுச் சுவடியைத் தூசி தட்டி நல்லெழுத்தில் அச்சிடுவது போன்றது. பின்னது, ஆசிரியர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு நூலை மறுபடியும் கோத்தெடுப்பது போன்றது. இரண்டும் பதிப்புப் பணியின் எல்லைக்குள் அடங்கும். முதற்படியை, அதாவது வாசித்தவர் வாசித்ததை மாற்றுவதோ பதிப்பு ஆகாது. அது வேறொரு படைப்பாகிவிடும். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

மறுவிற்பனையின் வரலாறு

நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. 1982இல் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் பரவியது. இசை நிறுவனங்களுக்கு அது பெரும் பேறாயிற்று. வீட்டில் தட்டாக இருந்த அதே இசையைக் குறுந்தகடாக மக்கள் மீண்டும் வாங்கினர். முதன்முதலாகச் செய்யப்பட்ட அக்குறுந்தகடுகளுட் பல, அவசரத்தில், மூல நாடாவிலிருந்து அன்றி நகலின் நகலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒலிநாடாவில் ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடும், தெளிவு குன்றும். ஆகவே 'மூல நாடாவிலிருந்து புதிதாக எடுத்தது' என்னும் அறிவிப்போடு அடுத்த சுற்று விற்பனை தொடங்கிற்று. அதில் பாதி உண்மையான திருத்தம்; பாதி வணிகம்.

1999இல் அமெரிக்காவில் இசைப்பதிவுகளின் விற்பனை உச்சத்தை எட்டியது. அவ்வாண்டே இணையத்தின் வழியாகப் பாட்டுகளை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் 'நாப்ஸ்டர்' தோன்றியது. அதன்பின் விற்பனை ஆண்டுதோறும் சரிந்தது. பாட்டை மட்டும் விற்றால் வாங்க ஆளில்லை. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பொருளாக விற்றால், பழைய நேயர்கள், அதுவும் இளமையில் கேட்டு இப்போது கையில் பணமுள்ள நடுவயதினர், வாங்குவர் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. கனத்த பெட்டிகளின் காலம் இவ்வாறு பிறந்தது. தட்டுகளும் மீண்டும் எழுந்தன. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்சங்கத்தின் கணக்குப்படி 2022இல் அந்நாட்டில் 4 கோடியே 10 இலட்சம் தட்டுகளும் 3 கோடியே 30 இலட்சம் குறுந்தகடுகளும் விற்றன. தட்டுகள் எண்ணிக்கையில் குறுந்தகடுகளை விஞ்சியது 1987க்குப் பின் அதுவே முதன்முறை.

ஐம்பது என்னும் எண்

ஐம்பதாம் ஆண்டிற்கு இத்தனை சிறப்பு ஏன்? பொன்விழா என்னும் மரபு ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை 50 ஆண்டுகளே இருந்தது. 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று அதனை 70 ஆண்டுகளாக நீட்டியது. 2013 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. பதிவு செய்து 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத ஒலிப்பதிவுக்கு இந்நீட்டிப்புக் கிட்டாது.

விளைவு வேடிக்கையானது. 1962இல் பாப் டிலன் பாடி, வெளியிடப்படாமலே கிடந்த பாடல்களை, அவருடைய நிறுவனம் 2012 இறுதியில் ஏறத்தாழ 100 படிகள் மட்டும் ஐரோப்பாவில் வெளியிட்டது. பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்பதனையே அதன் துணைத் தலைப்பாகவும் இட்டது. 2013 டிசம்பரில் பீட்டில்ஸ் குழுவினரின் 1963ஆம் ஆண்டு வெளிவராப் பதிவுகள் 59 இணையக் கடையில் வெளியாயின. கேட்போருக்காக அன்றிச் சட்டத்துக்காகவே வெளியிடப்பட்ட இசை இது. பெட்டிகளில் திருத்தம் பெறாத ஒத்திகைகளும் தவறிய முயற்சிகளும் நிறைந்திருப்பதன் இரகசியம் ஓரளவு இதில் இருக்கிறது. அவை அரிய செல்வம் என்பதனாலும் இருக்கலாம். அலமாரியில் வைத்திருந்தால் உரிமை போய்விடும் என்பதனாலும் இருக்கலாம்.

இதற்கு முன்னோடியாக அமைந்தவை திருட்டுப் பதிப்புகள். 1969இல் டிலனின் வெளிவராப் பாடல்களைத் திரட்டி, பெயரற்ற வெள்ளை உறையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிலர் விற்றனர். ராக் இசையின் முதற்பெரும் திருட்டுப் பதிப்பு அதுவே என்பர். கள்ளச் சந்தையில் விலைபோவதை நேர்ச் சந்தையில் நாமே விற்கலாமே என்று நிறுவனம் எண்ணியது. 1991இல் தொடங்கிய டிலனின் அதிகாரபூர்வமான தொகுதிகளுக்கே 'பூட்லெக் வரிசை' என்று, அதாவது கள்ளப் பதிப்பு வரிசை என்று பெயரிட்டனர்! அவ்வரிசையில் 2015இல் வந்த 12ஆம் தொகுதி இரண்டு, ஆறு, பதினெட்டு குறுந்தகடுகள் என மூன்று வடிவங்களில் கிடைத்தது. பதினெட்டுக் குறுந்தகடுகள் கொண்டது 5,000 படிகளே; விலை ஏறத்தாழ 600 டாலர். அவர் 1965, 1966ஆம் ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவை அனைத்தும் அதில் அடங்கும். ஆராய்ச்சியாளருக்கு அது கருவூலம். மாலையில் களைத்து வந்து இரண்டு பாட்டுக் கேட்க விரும்புபவருக்கு அது சுமை.

நகல் அசலுக்கு ஒளி தந்த இடங்கள்

மறுபதிப்பு எல்லாம் வணிகத் தந்திரமே என்று ஒதுக்குவோர், நன்மை விளைந்த இடங்களை நோக்க வேண்டும்.

பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' 1967இல் வெளிவந்தது. இலண்டன் ஆபி ரோடில் உள்ள இ.எம்.ஐ. கூடத்தில் ஜார்ஜ் மார்ட்டின் மேற்பார்வையில் அது உருவாயிற்று. நம் வீடுகளுக்கு நாய் முத்திரையோடு வந்து சேர்ந்த எச்.எம்.வி. தட்டுகள் இந்த இ.எம்.ஐ. குழுமத்தைச் சார்ந்தவையே. அக்காலத்தில் அங்கு நான்கு தடங்களே உள்ள நாடாதான் இருந்தது. நான்கும் நிறைந்துவிட்டால், அவற்றைக் கலந்து மற்றொரு நாடாவில் ஒன்றிரண்டு தடங்களாகச் சுருக்கி, மீதித் தடங்களில் புதிதாகச் சேர்ப்பர். ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒலி ஒரு தலைமுறை மங்கும். அன்றியும், அன்றைய இங்கிலாந்தில் பெரும்பாலோர் மோனோவிலேயே கேட்டனர். ஆகவே குழுவினர் தாமே உடனிருந்து பொறுமையோடு செய்தது மோனோக் கலவையே. ஸ்டீரியோக் கலவை, அவர்கள் இல்லாமல் சில நாள்களில் முடிக்கப்பட்டது. ஒரு பாடல் மோனோவில் விரைவாகவும் ஸ்டீரியோவில் மெதுவாகவும் ஓடும் அளவுக்கு இரண்டும் வேறுபட்டன. பின்னாளில் உலகம் முழுவதும் கேட்டதோ, அவசரத்தில் ஆன அந்த ஸ்டீரியோவையே.

2017இல், ஐம்பதாம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓகெல்லும் சுருக்கப்படுவதற்கு முந்திய நாடாக்களைத் தேடியெடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் ஒருங்கிணைத்து, மோனோக் கலவையின் நோக்கத்தை வழிகாட்டியாகக் கொண்டு புதிய ஸ்டீரியோவை உருவாக்கினர். தந்தை நகலின் மேல் நகலாக அடுக்கியதை மகன் அடுக்குக் குலைத்து வேருக்குச் சென்றார். அப்பதிப்பு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் மீண்டும் முதலிடம் பெற்றது. இங்குக் கருதத்தக்கது ஒன்று: நான்கு குறுந்தகடுகளும் ஒளிவட்டுகளும் 144 பக்க நூலும் அடங்கிய பெரும்பெட்டியில் உள்ள அதே புதிய கலவை, ஒற்றைக் குறுந்தகட்டிலும் கிடைத்தது. மோனோக் கலவையும் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது, அசல் மறைக்கப்படவில்லை.

பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966இல் மோனோவில் வந்தது. அதனை அமைத்த பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேளாது. இரட்டை ஒலியின் இன்பம் அவருக்கு எட்டாதது. கருவி இசை ஒரு நாடாவிலும் குரல்கள் மற்றொரு நாடாவிலுமாக இருந்தன. முப்பதாம் ஆண்டை ஒட்டித் திட்டமிடப்பட்டு, தாமதமாகி 1997இல் வெளிவந்த நான்கு குறுந்தகட்டுத் தொகுப்பில், ஒலிப்பொறியாளர் மார்க் லினெட் அவ்விரு நாடாக்களையும் நேரம் பிசகாமல் இணைத்து, அவ்விசைக்கு முதன்முறையாக உண்மையான ஸ்டீரியோ வடிவம் தந்தார். குரல்கள் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதியும் அதில் உண்டு. ஐந்தாறு பேர் குரலொத்துப் பாடும் நுட்பத்தைப் பயில விழையும் மாணவருக்கு அது பாடநூல். 1966இல் வாங்கியவர் காசு கொடுத்தும் பெற்றிருக்க முடியாத ஒன்றை 1997இல் வாங்கியவர் பெற்றார்.

ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வாலங்' 1971இல் வந்தபோது அதன் ஒலித்தரம் குறித்து மனக்குறை இருந்தது. நாற்பதாம் ஆண்டில், 2011இல், ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவை அக்குறையைத் தீர்த்தது. 2022இல் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' மறுகலவையிலோ, ஒரே தடத்தில் பிணைந்து கிடந்த கருவிகளைக் கணிப்பொறிக்குப் பயிற்சியளித்துத் தனித்தனியே பிரித்தெடுக்கும் புதிய முறை கையாளப்பட்டது. 2021இல் வெளிவந்த பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காகப் பீட்டர் ஜாக்சனின் குழுவினர் உருவாக்கிய முறை அது.

நகல் அசலை அழித்த இடங்கள்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். 1987இல் அமெரிக்காவின் இசட் இசட் டாப் குழுவின் பழைய தட்டுகள் குறுந்தகடாக வந்தபோது, 1970களின் எளிய டிரம்ஸ் ஒலிக்கு மேல் 1980களின் எதிரொலி மிகுந்த ஒலியைப் பூசிவிட்டனர். அப்போதைய நாகரிகம் அது. நாகரிகம் பத்தாண்டில் கலைந்தது, பூச்சு கலையவில்லை. அசல் கலவை குறுந்தகட்டில் மீண்டும் வரத் தொடங்கியதே 2006இல்தான். எஞ்சியவற்றுக்கு 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

உரப்புப் போட்டியும் இவ்வகையினதே. குறுந்தகட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் போக இயலாது. பாட்டு முழுவதும் உரக்க ஒலிக்க வேண்டுமாயின், மெல்லிய இடங்களை உயர்த்தி, உயர்ந்த இடங்களை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்க வேண்டும். முதலிற் கேட்கும்போது 'தெளிவாக இருக்கிறதே' என்று தோன்றும். அரைமணி கேட்டால் காது சலிக்கும். மேடு பள்ளம் இல்லாத பேச்சைக் கேட்பது போன்றது அது. 1990களின் நடுவிலிருந்து வந்த ரீமாஸ்டர்களுட் பல இந்நோய்க்கு ஆளாயின. இக்கி பாப்பின் குழு 1973இல் வெளியிட்ட 'ரா பவர்' தட்டை அவரே 1997இல் மறுகலவை செய்தபோது, அது மிக உரத்த குறுந்தகடுகளுள் ஒன்று என்று பேர் பெற்றது. 2010இல் நிறுவனம் டேவிட் போவி செய்த பழைய கலவைக்கே திரும்ப நேர்ந்தது.

இவை சுவை பற்றிய பிழைகள். ஆஸி ஆஸ்போர்னின் தட்டுகளுக்கு நேர்ந்ததோ நீதி பற்றியது. அவருடைய முதலிரு தட்டுகளான 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்' 1980இலும் 'டைரி ஆஃப் எ மேட்மேன்' 1981இலும் வெளிவந்தன. அவற்றில் பேஸ் கிதார் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி. டிரம்ஸ் வாசித்தவர் லீ கெர்ஸ்லேக். உரிமைத்தொகை தொடர்பாக இருவரும் வழக்குத் தொடுத்திருந்தனர். 2002இல் அத்தட்டுகள் மறுபதிப்பாக வந்தபோது, அவ்விருவரின் வாசிப்பும் முற்றாக நீக்கப்பட்டு, வேறு இருவர் புதிதாக வாசித்தது சேர்க்கப்பட்டிருந்தது! காரணம் பற்றி இரு தரப்பாரும் வெவ்வேறு கூறினர். அட்டையைப் பார்த்து வாங்கியவர் இம்மாற்றத்தை அறிந்துகொள்ள வழியில்லை. நேயர்கள் கொதித்தெழுந்த பின்னரே அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது.

இருபதாண்டுகளாக உலகம் கேட்டு வந்த இரு கலைஞரின் கைவண்ணம் ஒரே நாளில் அழிக்கப்பட்டது. நாம் மேலே கூறிய முதற்படியில் கைவைத்த குற்றம் இது. உறையில் பழைய பெயர், பழைய படம். உள்ளே வேறு பண்டம். சரக்கின் குறையை வாங்குபவரிடமிருந்து மறைப்பதற்கும், செய்தி கடந்து வந்த வழியை மறைப்பதற்கும் அரபியில் 'தத்லீஸ்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. இரண்டு பொருளுக்கும் இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு அரிது. 2011இல், முப்பதாம் ஆண்டுப் பதிப்பில், அசல் வாசிப்பு மீட்கப்பட்டது. 2019இல், புற்றுநோய் முற்றியிருந்த கெர்ஸ்லேக்கின் விருப்பப்படி, அத்தட்டுகளுக்குரிய பிளாட்டினம் விருதுத் தட்டுகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. மறு ஆண்டு அவர் மறைந்தார். ஓர் ஆண்டு விழாப் பதிப்பு ஈடு செய்ததை எண்ணி நாம் மகிழலாம். ஈடு செய்ய வேண்டிய நிலை வந்ததை எண்ணி வருந்தவும் வேண்டும்.

சொல்லிச் செய்தலுக்கும் மறைத்துச் செய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மற்றொரு நிகழ்ச்சி காட்டும். 'த ஹூ' குழுவினர் 1970 பிப்ரவரி 14ஆம் நாள் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலும் மறுநாள் ஹல் நகரிலும் பாடினர். ஹல் நாடாவின் தொடக்கப் பாடல்களில் பேஸ் கிதார் பதிவாகாமற் போயிற்று. 2010இல் அதனை வெளியிட்டபோது, முதல்நாள் லீட்ஸில் அதே கலைஞர் அதே பாடல்களுக்கு வாசித்ததை எடுத்து அங்கே பொருத்தினர். அதனை மறைக்கவில்லை. கிழிந்த இடத்தை மற்றொரு சுவடியைக் கொண்டு நிரப்பி, நிரப்பிய இடத்தைச் சுட்டிக்காட்டும் நேர்மையான பதிப்பாசிரியரின் செயல் அது.

மாறாக, மூல ஒலிநாடாவுக்கு நெருங்கிய தட்டுகள் என்று உயர்ந்த விலையில் விற்றுவந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், தட்டு வெட்டுவதற்கு இடையில் எண்முறைப் பதிவு ஒன்றைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது 2022இல் வெளியாயிற்று. அத்தட்டுகளின் ஒலி நன்றாகவே இருந்தது என்பதை நேயர்களே ஒப்புக்கொண்டனர். ஆயினும் வழக்கு எழுந்தது. வாங்கியவர்களுக்கு ஈடு வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது. ஒலி கெட்டதனால் எழுந்த வழக்கன்று அது, சொல்லாததனால் எழுந்தது.

பெட்டியும் பண்டமும்

அதே லீட்ஸ் நிகழ்ச்சியை விற்ற முறையையும் எண்ணிப் பார்ப்போம். 1970இல் வந்த தட்டில் ஆறு பாடல்கள். 1995இல், இருபத்தைந்தாம் ஆண்டில், பதினான்கு. 2001இல் டீலக்ஸ் பதிப்பாக இரண்டு குறுந்தகடுகளில் நிகழ்ச்சி முழுவதும். 2010இல் ஹல் நிகழ்ச்சியும் சேர்ந்த பெரும்பெட்டி. ஒரே இரவின் இசைக்கு விசுவாசமுள்ள நேயர் நான்கு முறை விலை கொடுத்தார். இவற்றுள் 2001ஆம் ஆண்டுப் பதிப்பு மெய்யான முழுமை தந்தது. அதனை வாங்கியவர் ஏமாறவில்லை. ஒவ்வொரு முறையும் வாங்கியவர்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973இல் வந்தது. 2011இல் வந்த அதன் பெரும்பெட்டியில் இசையோடு கோலிக்குண்டுகளும் கழுத்துத் துணியும் இருந்தன. 1974இல் வெம்பிளியில் அக்குழு வாசித்த நிகழ்ச்சி அப்போது குறுந்தகடாக வெளிவந்தது. 2023இல், ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியிலும் தனித் தட்டாகவும் அதே நிகழ்ச்சி மீண்டும் விற்கப்பட்டது. ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' 2021இல் ஏறத்தாழ 1,000 டாலர் விலையில் மரப்பெட்டியாகவும் வந்தது. தட்டின் உறையில் காணும் குள்ளப் பொம்மைகளின் சிறு வடிவங்களும், அவர் தோட்டத்து ஓக் மரத்தில் செய்த புத்தக அடையாளமும் அதற்குள் இருந்தன. மிகையான எதிரொலி பற்றி ஹாரிசனே பிற்காலத்தில் குறைபட்டதுண்டு. அதனைக் குறைத்துச் செய்த புதிய கலவை பாராட்டத்தக்கது. ஆனால் அக்கலவை எளிய குறுந்தகட்டுப் பதிப்பிலும் கிடைத்தது. ஆயிரம் டாலர் இசைக்கு அன்று. பொம்மைக்கும் மரத்துக்கும் ஆகும்.

ஆயினும் வணிகத்தை முற்றாகப் பழிப்பதற்கில்லை. ஒலிநாடா அழியும் பொருள். 1970களின் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளை ஒட்டிவைத்த பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டது. அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து இசையே போய்விடும். ஐம்பது பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்திய பின்னரே அதனை ஓட்டி நகல் எடுக்க இயலும். 2008 ஜூன் முதல் நாள், கலிபோர்னியாவில் யூனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் பற்றிய தீயில் மூல நாடாக்களின் காப்பகமும் எரிந்தது. இழப்பு மிகப் பெரிது என்று நியூயார்க் டைம்ஸ் இதழ் 2019இல் எழுதியது. அவ்வளவன்று என்று நிறுவனம் மறுத்தது. இழப்பின் அளவில் கருத்து வேறுபடலாம். எரிந்த நாடா மீளாது என்பதில் வேறுபாடில்லை. ஆண்டு விழா வருகிறது, விற்றால் பணம் வரும் என்னும் எண்ணமே பல நாடாக்களைக் கிடங்கிலிருந்து எடுத்து உலர்த்திச் சரிபார்க்கச் செய்திருக்கிறது. ஆசை காரணமாயினும் விளைவு நன்மையே.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

எனவே 'வாங்கலாமா?' என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. நான்கு கேள்விகளைக் கேட்டு, விடை கிடைத்த அளவுக்கு வாங்கலாம். முதலாவது, இது எந்த நாடாவிலிருந்து, யாரால் எடுக்கப்பட்டது என்று உறையில் சொல்லியிருக்கிறதா? சொல்லத் தயங்குபவரிடம் வாங்கத் தயங்குக. இரண்டாவது, மறுகலவையாயின், அசல் கலவையும் உடன் இருக்கிறதா, அல்லது தனியாகவேனும் கிடைக்கிறதா? அசலை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும் நகலை ஏற்கலாகாது. மூன்றாவது, இதில் புதிதாக உள்ள இசை எளிய பதிப்பில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும், இரண்டு குறுந்தகட்டுப் பதிப்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். நான்காவது, ஒத்திகைகளையும் தவறிய முயற்சிகளையும் இரண்டாம் முறை கேட்போமா? இசை பயில்பவரும் எழுதுபவரும் கேட்பர்; அவர்களுக்குப் பெரும்பெட்டி தகும். மற்றவர்கள் ஒருமுறை இணையத்திற் கேட்டு ஆவலைத் தணித்துக்கொள்ளலாம். பல தொகுப்புகள் அங்கும் கிடைக்கின்றன.

இக்கேள்விகளால் குடும்பத்தின் பணம் மிச்சப்படும். அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. வாங்குவோர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் விற்போர் மறைக்க அஞ்சுவர். டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் இருவரின் வாசிப்பு மீண்டதும், இசட் இசட் டாப்பின் பூச்சு நீங்கியதும் நேயர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததனால்தான்.

இறுதியாக ஒன்று. புதிய பதிப்பு எவ்வளவு ஒளிர்ந்தாலும், வீட்டில் இருக்கும் பழைய தட்டை விலைக்குப் போட்டுவிடற்க. 1987 முதல் பல்லாண்டுகள், கடைகளில் பூச்சு பூசிய குறுந்தகடே இருந்த காலத்தில், இசட் இசட் டாப்பின் அசல் ஒலி எங்கே இருந்தது? கீறல் விழுந்த பழைய தட்டுகளில், அவற்றை எறியாமல் வைத்திருந்த எளிய மக்களின் அலமாரிகளில் இருந்தது. 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் வாசிப்பவர் வேறு ஆள் என்று உலகம் கண்டுகொண்டதும் பழையதைப் புதியதோடு ஒப்பிட்டுக் கேட்ட காதுகளால்தான். நகலைச் சோதிக்க அசல் ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும். அது நம் வீட்டிலேயே இருக்குமாயின், அதைக் காப்பது நம் பொறுப்பு.